சி.டி. ஸ்கேனில் ‘சைனஸ்’ என்று வந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று வருடமாக மூக்கடைப்பு. ஒரு பக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் அடைத்துக்கொள்கிறது. காலையில் தொண்டைக்குள் சளி இறங்குகிறது. மாதத்தில் நான்கைந்து நாள் புருவத்துக்கு மேலும் கண்ணுக்குப் பின்னாலும் விண்விண்ணென்று தலைவலி. அந்த நேரத்தில் வெளிச்சமே ஆகாது. முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு சைனசைட்டிஸ் என்றார்கள். ஒரே வருடத்தில் நான்கு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயிற்று. போன மாதம் கடும் ஜலதோஷம் பிடித்திருந்தபோது சி.டி. எடுத்தேன். “இரு மேக்ஸிலரி சைனஸ்களிலும் லேசான சளிச்சவ்வுத் தடிப்பு; இடது மேக்ஸிலரியில் 12 மி.மீ. ரிடென்ஷன் சிஸ்ட், மூக்குத் தண்டு வலப்பக்கம் வளைவு, இடப்பக்கம் கான்கா புல்லோசா, இருபுறமும் ஓ.எம்.சி. திறந்துள்ளது” என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகிவிடுமா? திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாதே?

பதில்: இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு சைனஸ் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க முடியாது. ஸ்கேன் எடுத்த வாரமே சரியில்லை. அதில் எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை, சைனஸ் தொந்தரவே இல்லாதவர்களுக்கும் இருப்பவை. அதற்காக உங்கள் மூக்கடைப்பும் தலைவலியும் பொய்யாகிவிடாது. அவற்றின் காரணம் இந்தப் படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை. அதில் நாள்பட்ட அழற்சி என்று சொல்ல இரண்டு விஷயங்கள் சேர்ந்து அமைய வேண்டும். முதலாவது அறிகுறி. மூக்கடைப்பு, மூக்கிலோ தொண்டைக்குள்ளோ இறங்கும் சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனை குறைதல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டாவது 12 வாரம் நீடித்திருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருந்தாக வேண்டும் என்கிறது 2020-ல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல். இரண்டாவது சான்று. எண்டோஸ்கோப்பியிலோ (மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டு நேரில் பார்ப்பது) சி.டி.யிலோ அழற்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அறிகுறி இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தடிப்பு இருந்தால் அது நோய் ஆகாது. அறிகுறி இருந்து, எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் சைனஸை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும். உங்களுக்கு அறிகுறிக் கணக்கு நிறைவேறிவிட்டது. சான்றுதான் இன்னும் கிடைக்கவில்லை.

கடிதம் முழுக்கத் தேடியும் எண்டோஸ்கோப்பி என்ற சொல்லைக் காணோம். எக்ஸ்ரேயும் சி.டி.யும் நான்கு தடவை ஆன்டிபயாடிக்கும் நடந்த பிறகும் மூக்குக்குள் யாரும் பார்க்கவில்லை என்றால், வரிசை தலைகீழாகிவிட்டது. 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள குழாய், மூக்கைச் சுருக்கும் மருந்தும் மரத்துப்போகும் மருந்தும் அடித்துச் சில நிமிடம் பொறுத்துவிட்டு உள்ளே விடுவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கதிர்வீச்சு கிடையாது. நடு டர்பினேட்டுக்கு (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து மடிப்பாக நீண்டிருக்கும், சவ்வு போர்த்திய எலும்பு) அடியில் இருக்கும் இடுக்கில் சீழ் வடிகிறதா, பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி எட்டிப் பார்க்கிறதா, சவ்வு ஊதியிருக்கிறதா என்று நேராகப் பார்க்கலாம். சீழ் இருந்தால் அதையே எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பலாம். எந்த மருந்து வேலை செய்யும் என்று ஊகிக்க வேண்டியிருக்காது. இது எதையும் சி.டி. செய்யாது. சி.டி.யில் சீழும் வீங்கிய சவ்வும் சாதாரணச் சளியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம்தான்.

ஸ்கேன் எடுத்த வாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ஜலதோஷம் பிடித்துச் சில நாளே ஆன 31 பெரியவர்களுக்கு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். 87 சதவீதம் பேருக்கு மேக்ஸிலரி சைனஸில், அதாவது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸில், கோளாறு தெரிந்தது. அவர்களில் 14 பேருக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது, ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காமலே 11 பேருக்குப் படம் தெளிந்தோ மிகவும் தேறியோ இருந்தது. ஜலதோஷம் மூக்கோடு நிற்பதில்லை. சைனஸ் சவ்வையும் சேர்த்தே வீங்க வைக்கிறது, பிறகு தானே வடிகிறது. கடும் சளியின் நடுவில் எடுத்த உங்கள் படத்தில் ‘லேசான தடிப்பு’ மட்டுமே வந்திருக்கிறது என்றால், அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாள்பட்ட பிரச்சினைக்காக சி.டி. எடுப்பதாக இருந்தால் கடைசியாகப் பிடித்த ஜலதோஷம் தணிந்து நான்கிலிருந்து ஆறு வாரமாவது போக வேண்டும். அதைவிட முக்கியமாக, சரியான மருந்துச் சிகிச்சையை 8 முதல் 12 வாரம் செய்து முடித்த பிறகு எடுக்க வேண்டும். அப்போதும் மிச்சமிருக்கும் அடைப்புதான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வைக்கும் அடைப்பு. சிகிச்சை என்றதும் இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் என்று நினைத்துவிட வேண்டாம். தினமும் உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும்தான் அடிப்படை.

கழுவலுக்கு 240 மி.லி. தண்ணீர், சுமார் 2 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு (அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு), எரிச்சல் குறைய ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ டிஸ்டில்டு வாட்டராகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஏற்றினால், அபூர்வமாக, மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போக வழியுண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. தலையை முன்னால் குனிந்து, ஒரு துளைக்குப் பாதி, மறு துளைக்கு மீதி. பாட்டிலை ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் சுத்தம் செய்யுங்கள். சும்மா மூக்கு நுனியை நனைக்கும் சிறிய ஸ்பிரேக்கும் இந்த அளவு நீரில் கழுவுவதற்கும் பலனில் நிறைய வித்தியாசம் உண்டு.

கழுவிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு ஸ்பிரே. இதில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். தலையை அண்ணாந்து, நேராக மேல் நோக்கி அடித்து, ‘சர்’ என்று உறிஞ்சினால் மருந்து முழுவதும் தொண்டைக்குப் போய்விடும். லேசாகக் குனிந்து, இடது துளைக்கு வலது கையாலும் வலது துளைக்கு இடது கையாலும் பிடித்து, நுனி அந்தப் பக்கக் காதை நோக்கி இருக்குமாறு அடியுங்கள். மெல்ல மூச்சை இழுத்தால் போதும். இரு துளைகளுக்கும் நடுவே சுவராக இருக்கும் தண்டின் மேல் அடித்துக்கொண்டே இருந்தால் அங்கே சவ்வு காய்ந்து ரத்தம் கசியும். ‘ஸ்பிரே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்துபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். மூன்று நாளில் ஒன்றும் மாறவில்லை என்று விட்டுவிட்டால் அது சிகிச்சை செய்த கணக்கில் வராது.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டை வரிவரியாகப் பார்ப்போம்.

‘லேசான சளிச்சவ்வுத் தடிப்பு’ என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க வேண்டும். 2, 3 மி.மீ. தடிப்பு எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடம் சர்வசாதாரணம். தடிப்பை எண்ணால் சொல்ல மருத்துவர்கள் லண்ட்-மெக்கே என்ற மதிப்பெண் முறையை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் மேக்ஸிலரி, கண்களுக்கு நடுவே உள்ள முன் எத்மாய்ட், பின் எத்மாய்ட், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள ஸ்பீனாய்ட், நெற்றியில் உள்ள ஃப்ரான்டல் என்று ஐந்து இடம். சுத்தமாக இருந்தால் 0, கொஞ்சம் அடைத்திருந்தால் 1, முழுக்க அடைத்திருந்தால் 2. இவற்றோடு ஓ.எம்.சி. என்ற வடிகால் வழி திறந்திருந்தால் 0, அடைத்திருந்தால் 2. இரு பக்கமும் சேர்த்து மொத்தம் 24. உங்களுக்குப் போட்டுப் பார்த்தால் வலது மேக்ஸிலரிக்கு 1, இடது மேக்ஸிலரிக்கு 1. சிஸ்ட்டும் அதே இடது மேக்ஸிலரிக்குள் இருப்பதால் தனி மதிப்பெண் கிடையாது. மற்ற சைனஸ்களைப் பற்றி ஏதும் எழுதாததால் அவை 0 என்று கொண்டால், மொத்தம் 24-க்கு 2. சைனஸ் புகார் இல்லாமல் வேறு காரணத்துக்காக சி.டி. எடுத்துக்கொண்டவர்களுக்கு இதே முறையில் மதிப்பெண் போட்டுப் பார்த்த ஆய்வில் சராசரியே 4-ஐ ஒட்டி வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் 4 வந்தால் அது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த மதிப்பெண்ணுக்கும் நோயாளி படும் அவஸ்தைக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. 18 வாங்கியவர் ‘வாசனைதான் தெரியவில்லை, மற்றபடி பரவாயில்லை’ என்பார். 2 வாங்கியவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

‘ரிடென்ஷன் சிஸ்ட்’ என்பது சவ்வில் இருக்கும் சிறு சுரப்பி ஒன்றின் வாய் அடைபட்டு, உள்ளே நீர் கோத்துக்கொள்வது. சைனஸின் தரையிலிருந்து வழவழப்பான குமிழ் மாதிரி எழும்பி நிற்கும். 12 மி.மீ. என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எலும்பை அரிக்கவில்லை, சைனஸை உப்ப வைக்கவில்லை, வடிகால் வாயை மூடவில்லை என்றால் அதை எடுக்கத் தேவையில்லை. பல ஆண்டுகள் அப்படியே இருக்கும், சில சமயம் தானே மறைந்தும் போகும். ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மேல் பல் வேரிலிருந்து கிளம்பும் கட்டியும் அதே இடத்தில்தான் தெரியும். அதற்கு மேலே மெல்லிய எலும்பு ஓடு இருக்கும், சைனஸ் தரையையே மேலே தள்ளியிருக்கும். ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டால் படத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

‘மூக்குத் தண்டு வளைவு’. நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும் தண்டு எல்லோருக்கும் அமைவதில்லை. வளைவு இருக்கிறதா என்பதைவிட, உங்கள் அடைப்பு வளைவு இருக்கும் பக்கத்தில் எப்போதும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘ஒரு பக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் அடைக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு இடம் மாறாது. மாறுவது டர்பினேட் சவ்வு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் மாறி மாறி வீங்குவதும் சுருங்குவதும் எல்லா மூக்குக்கும் உள்ள இயல்பு. அலர்ஜி இருந்தால் அது அடைப்பாக உறைக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடைப்பு மிகுந்திருக்கும் ஒரு நாளில் ஆக்ஸிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் சொட்டை ஒருமுறை மட்டும் போட்டு, கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு துளையாக மூடி மூச்சு விட்டுப் பாருங்கள். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரு பக்கமும் தாராளமாகத் திறந்துகொண்டால் பிரச்சினை சவ்வில். ஸ்பிரேயும் அலர்ஜிச் சிகிச்சையும் அதற்குப் பொருந்தும். சொட்டுப் போட்டும் வலது பக்கம் மட்டும் இறுகியே இருந்தால் வளைவுக்குப் பங்கு உண்டு. அந்தச் சொட்டு சுகமாக இருக்கிறது என்று ஒரு வாரம் தொடர்ந்தால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். பிறகு சொட்டை விடுவதே தனிச் சிகிச்சையாகிவிடும்.

‘கான்கா புல்லோசா’ பெயருக்குத்தான் பயமுறுத்தும். நடு டர்பினேட் எலும்புக்குள் காற்றறை இருக்கிறது என்று பொருள், வளர்ச்சியில் வரும் வேறுபாடு. தண்டு வலப்பக்கம் வளைந்து, இடது டர்பினேட்டில் காற்றறை இருப்பது அடிக்கடி சேர்ந்தே காணப்படும் ஜோடி. தனியாக இதற்கு மருத்துவம் எதுவும் வேண்டாம்.

ரிப்போர்ட்டின் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். நோயாளிகள் பெரும்பாலும் படிக்காமல் விடும் வரியும் அதுதான். ஓ.எம்.சி. என்பது மேக்ஸிலரி, முன் எத்மாய்ட், ஃப்ரான்டல் மூன்றும் வந்து வடியும் பொதுச் சந்து, மூன்று வீட்டுத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் விழுவது மாதிரி. அகலம் சில மில்லிமீட்டர்தான். வழக்கமான சைனஸ் ஆபரேஷனில் முதலில் அகலப்படுத்துவது இந்த இடத்தைத்தான். கடும் ஜலதோஷத்திலேயே இருபுறமும் அது திறந்திருக்கிறது என்றால், எதை அகலப்படுத்தப் போகிறார்கள்?

எக்ஸ்ரேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னிருந்து பின்வரை உள்ள எலும்பெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுகிறது. எத்மாய்ட் அறைகளும் ஓ.எம்.சி.யும் அதில் தெரியாது. தலை கொஞ்சம் திரும்பினாலும், ஒரு பக்கச் சைனஸ் பிறவியிலேயே சிறியதாக இருந்தாலும் ‘மங்கல்’ என்று வந்துவிடும். நாள்பட்ட சைனஸுக்கு எக்ஸ்ரேயைப் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கம் என்றைக்கோ நின்றிருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. உங்களுக்கு வேண்டாம். அதில் எலும்பு சரியாகத் தெரியாது. வடிகால் வழிகளெல்லாம் முடி கனத்த எலும்புக்குள் ஓடுபவை. மூக்குச் சவ்வின் இயல்பான வீக்கத்தைக்கூட அது பளிச்சென்று காட்டிவிடும், இல்லாத நோய்க்குப் பெயர் வைக்க வசதியாக. இன்னொரு விசித்திரமும் உண்டு. பூஞ்சைப் பந்தோ இறுகி உலர்ந்த சளியோ நிறைந்த சைனஸ், எம்.ஆர்.ஐ.யின் டி2 படங்களில் காற்று மாதிரியே கறுப்பாகத் தெரிந்து ‘சுத்தம்’ என்று ஏமாற்றும். கண்ணுக்கோ மூளைக்கோ தொற்று பரவியிருக்கும் சந்தேகம், கட்டி எது தேங்கிய சளி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை, மூளையின் அடித்தளத்தில் ஓட்டை விழுந்து மூளைச் சவ்வு மூக்குக்குள் இறங்கியிருக்குமோ என்ற ஐயம், இப்படிப்பட்ட இடங்களில்தான் எம்.ஆர்.ஐ. அவசியமாகிறது. அப்போதும் சி.டி.யோடு சேர்த்து.

கதிர்வீச்சுக் கணக்கு இது. சைனஸ் சி.டி. ஒன்றுக்குப் பொதுவாக 1 மில்லிசீவர்ட்டுக்குள்தான். குறைந்த அளவில் எடுக்கும் முறையில் அதிலும் ஒரு பங்குதான். இயற்கையாகவே பூமியிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவர் வாங்கிக்கொள்ளும் அளவு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆக, சரியான நேரத்தில் எடுக்கும் ஒரு ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு சளிக்கும் ஒரு ஸ்கேன் என்று போவதுதான் வீண். கர்ப்பம் இருந்தாலோ இருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; இந்தக் காரணத்துக்கான ஸ்கேனைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. குழந்தைகளுக்குச் சைனஸ்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், சளி பிடித்த பிள்ளை எல்லாருக்கும் படம் மங்கலாகத்தான் வரும். சிக்கலோ ஆபரேஷனோ இல்லாமல் அவர்களுக்கு சி.டி. எடுக்கக் கூடாது.

பின்னால் மறுபடி சி.டி. தேவைப்பட்டால், சீட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: சைனஸ் சி.டி., ஊசி மருந்து இல்லாமல், குறைந்த கதிர்வீச்சில், 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள், மூன்று தளங்களிலும் படம், எலும்பு அமைப்பிலும் மென்திசு அமைப்பிலும். மென்திசு அமைப்பு எதற்கு என்றால், சைனஸுக்குள் இருப்பது வழக்கத்தைவிட அடர்த்தியாக வெண்மை தட்டித் தெரிந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும்; எலும்பு அமைப்பில் மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. படம் ஃப்ரான்டல் சைனஸின் உச்சியிலிருந்து மேல் பல் வேர்கள் வரை வர வேண்டும். பல் வேருக்கு மேலேயே நிறுத்திவிட்ட ஸ்கேன்கள் ஏராளம், அதனால் தவறிப்போகும் நோயும் ஏராளம். போகும் முன் மூக்கைச் சிந்திவிடுங்கள். மூக்குத்தி, காதணி, கண்ணாடி, கழற்றக்கூடிய பல்செட் எல்லாம் கழற்றப்பட வேண்டும். படுத்துச் சில விநாடி அசையாமல் இருந்தால் போதும். முடிந்ததும் ஃபிலிமோடு திருப்திப்படாமல், எல்லாப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள். இருபது கட்டம் அச்சிட்ட ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கும், கணினித் திரையில் நூற்றுக்கணக்கான வெட்டுகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதற்கும் ஒப்பீடே கிடையாது.

ஒரு பக்கத்துக் கதைக்கு வருகிறேன். சாதாரணச் சைனஸ் அழற்சி பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சைனஸ் நிறைந்திருந்தால் மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் காரணம் தெரியும்வரை விடக் கூடாது. முதல் சந்தேகம் பல். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் மேக்ஸிலரி சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டு, சிலருக்கு உள்ளேயே நீட்டிக்கொண்டும் இருக்கும். வேர்ச் சிகிச்சை அரைகுறையாக நின்ற பல், வேர் நுனியில் சீழ், பல் எடுத்த இடத்தில் மூடாமல் போன துளை, சைனஸுக்குள் தள்ளிய இம்பிளான்ட், எது வேண்டுமானாலும் காரணமாகலாம். ஒரு மூக்குத் துளையில் மட்டும் நாற்றமடிக்கும் சளி இதன் அடையாளம். பல் வலியே இல்லாமலும் இருக்கலாம், அதுதான் தொல்லை. பல்லைக் கவனிக்காமல் எத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தாலும், ஆபரேஷனே செய்தாலும் திரும்பி வரும். சந்தேகம் இருந்தால் பல் மருத்துவர்கள் எடுக்கும் கோன் பீம் சி.டி. வேர் நுனியைத் துல்லியமாகக் காட்டும். இரண்டாவது, பூஞ்சைப் பந்து. நடுவே சுண்ணாம்புத் துணுக்குகள் போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஆபரேஷனில் அதை முழுக்க எடுத்துவிட்டால் வழக்கமாகப் பூஞ்சை மாத்திரைகூட வேண்டாம். மூன்றாவது, கட்டி. எலும்பு அரித்திருந்தாலோ ரத்தம் கலந்த சளி வந்தாலோ தாமதிக்கக் கூடாது. உங்கள் ரிப்போர்ட்டில் இவை எதுவும் இல்லை.

தலைவலியைத் தனியாகப் பாருங்கள். மாதம் நான்கைந்து நாள் வந்து போகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, வெளிச்சம் ஆகாது. இது மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியின் நடை. ‘எனக்குச் சைனஸ் தலைவலி’ என்று தாமே சொல்லிக்கொண்ட, அல்லது டாக்டர் அப்படிச் சொல்லியிருந்த சுமார் 3,000 பேரைச் சோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகைத் தலைவலிக்கான அடையாளங்கள் பொருந்தின. மைக்ரேன் வரும்போது மூக்கு அடைப்பதும் கண்ணில் நீர் வருவதும் நெற்றியில் அழுத்துவதும் உண்டு, குழப்பம் அதனால்தான். இரு பக்கமும் வலித்தாலும் மைக்ரேனாக இருக்கலாம், பெயரை நம்பி ஏமாற வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், எந்தப் பக்கம், குமட்டல், வெளிச்சம், சத்தம், அன்று வந்த சளி நிறமா தண்ணியா, எடுத்த மாத்திரை எல்லாம் எழுதி நரம்பியல் மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ காட்டுங்கள். தலைவலிக்காக மட்டும், சுத்தமான சி.டி. வைத்துக்கொண்டு சைனஸ் ஆபரேஷனுக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இரண்டு டாக்டர்களில் யார் சரி என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கேனைப் பற்றி இரண்டாமவர் சொல்வது சரி. முதலாமவரிடம் ‘எந்த ஆபரேஷன்?’ என்று கேளுங்கள். மூக்குத் தண்டை நேராக்குவதும் சைனஸைத் திறப்பதும் வெவ்வேறு. வலது பக்கம் எப்போதும் அடைத்திருக்கிறது, சொட்டுக்கும் ஸ்பிரேக்கும் அசையவில்லை என்றால் தண்டைச் சரிசெய்வதில் நியாயம் இருக்கலாம். அதைச் சைனஸ் ஆபரேஷன் என்ற பெயரில் செய்துகொள்ள வேண்டாம். சைனஸையே திறக்க வேண்டும் என்றால் எந்தச் சைனஸ், எண்டோஸ்கோப்பியில் என்ன தெரிந்தது, மருந்து எத்தனை வாரம் கொடுத்த பிறகு இந்த முடிவு என்று கேளுங்கள்.

ஆபரேஷன் உறுதியாகும் நாளில் சி.டி.யின் வேலையே மாறிவிடும். நோய் இருக்கிறதா என்று பார்ப்பது முடிந்து, எங்கே வெட்டக் கூடாது என்று பார்ப்பது தொடங்கும். எத்மாய்டின் கூரை, அதாவது மூளைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள எலும்பு, எவ்வளவு பள்ளமாக இறங்கியிருக்கிறது என்பதை கெரோஸ் என்ற வகைப்பாட்டில் சொல்வார்கள்: 1 முதல் 3 மி.மீ. முதல் வகை, 4 முதல் 7 இரண்டாம் வகை, 8 முதல் 16 மூன்றாம் வகை. பள்ளம் கூடக்கூட ஓட்டை விழும் ஆபத்தும் கூடும். கண்குழியின் காகிதம் போன்ற சுவர் முழுசாக இருக்கிறதா, பார்வை நரம்பை ஒட்டி ஓனோடி அறை எனப்படும் பின் எத்மாய்ட் காற்றறை இருக்கிறதா, ஸ்பீனாய்டுக்குள் இருக்கும் தடுப்பு மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக் குழாயின் மேல் போய் ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அப்போது பார்க்கப்பட வேண்டும். அதனால்தான் சி.டி. இல்லாமல் சைனஸ் ஆபரேஷன் செய்வதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: அடுத்த ஆன்டிபயாடிக்கை நிறுத்திவையுங்கள். எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். அலர்ஜிப் பரிசோதனை, வீசிங் இருக்கிறதா என்ற விசாரணை இரண்டும் நடக்கட்டும். கழுவலும் ஸ்பிரேயும் மூன்று மாதம். பிறகு மறுபடி எண்டோஸ்கோப்பி. அதில் சீழோ பாலிப்போ தெரிந்தால் நோய் உறுதி, ஆபரேஷன் திட்டமிட்டால் மட்டும் சி.டி. ஒன்றும் தெரியாமல் மூக்குத் தொந்தரவு மட்டும் தொடர்ந்தால், அப்போது எடுக்கும் ஒரு சி.டி.க்குத்தான் உண்மையான மதிப்பு உண்டு. அதுவும் சுத்தமாக வந்தால் சைனஸ் என்ற பேச்சையே மூட்டை கட்டிவிடலாம்.

இடையில் கண் இமை வீங்கிச் சிவந்தால், பார்வை மங்கினால் அல்லது இரண்டிரண்டாகத் தெரிந்தால், நெற்றி புடைத்தால், கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், குழப்பமாகப் பேசினால், வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் முகம் மரத்துப்போனாலோ மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புப் பொருக்கு தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, போன மாத சி.டி.யின் முழுப் பதிவு, தலைவலி நோட்டு, இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக் பெயர்களும் தேதிகளும், கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை ஏதாவது செய்திருந்தால் அந்த விவரம், இவற்றைக் கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்ரேக்களை வீட்டிலேயே விட்டுவிடலாம்.